ஒகேனக்கல் பரிசல் பயணம்

ஒகேனக்கல் பரிசல் பயணம் என்பது தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்திலுள்ள ஒகேனக்கல்லில், காவிரி ஆற்றில் வட்ட வடிவப் பரிசல்களில் சுற்றுலாப் பயணிகள் மேற்கொள்ளும் ஆற்றுப் பயணமாகும். அருவிக் குளியல், எண்ணெய் மசாஜ், மீன் சாப்பாடு ஆகியவற்றுடன் சேர்ந்து இது பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும் சுற்றுலாவாக அமைகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆண்டு முழுவதும் மக்கள் இங்கு வருகின்றனர். எனினும் பரிசல் எல்லா நாளும் ஓடுவதில்லை. அன்றைக்கு ஆற்றில் எத்தனை கனஅடி நீர் வருகிறது என்பதே பயணம் உண்டா இல்லையா என்பதையும், பரிசல் ஓட்டிகளுக்கு அன்று கூலி உண்டா இல்லையா என்பதையும் முடிவு செய்கிறது.

அமைவிடமும் பெயரும்

ஒகேனக்கல் தருமபுரி நகரிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பென்னாகரத்தைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் வளைந்து இறங்கி ஆற்றங்கரையை அடைகிறது. இங்கே காவிரி தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக ஓடுகிறது. எதிர்க்கரை கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சின்னாறு என்னும் சிற்றாறு இவ்விடத்தில் காவிரியுடன் கலக்கிறது.

கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. அருவி விழும் வேகத்தில் எழும் நீர்த்திவலைகள் பாறையிலிருந்து புகை கிளம்புவதுபோலத் தோன்றுவதால் 'புகையும் கல்' என்ற பொருளில் இப்பெயர் வந்தது. பேச்சு வழக்கில் சிலர் 'புகைனக்கல்' என்றும் சொல்வதுண்டு.

கர்நாடகத்தின் குடகு மலையிலுள்ள தலைக்காவிரியில் தோன்றும் ஆறு, கிருஷ்ணராஜ சாகர் அணை, சிவனசமுத்திரம் அருவி, மேகேதாட்டு ஆகியவற்றைக் கடந்து ஒகேனக்கல்லை அடைகிறது. இதன்பின் மேட்டூர் அணையில் தேங்குகிறது. ஒகேனக்கல்லில் ஆறு ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து, பல அருவிகளாக விழுந்து, இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் நிற்கும் ஆழமான பள்ளத்தில் மீண்டும் ஒன்றுசேர்கிறது. இந்த நில அமைப்புதான் இங்கு விசைப்படகும் பெரிய தோணியும் செல்லாமல் பரிசல் மட்டும் செல்வதற்குக் காரணம். இப்பகுதியில் காணப்படும் கார்பனடைட் வகைப் பாறைகள் ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் பழமையானவை என்று புவியியலாளர் கணித்துள்ளனர்.

பரிசலின் அமைப்பு

பரிசல் என்பது மூங்கிலால் முடையப்பட்ட பெரிய கூடை. மூங்கிலைப் பிளந்து சீவிய பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடிப்பகுதி அமைக்கப்படும். பின்னர் பட்டைகளை மேல்நோக்கி வளைத்து, விளிம்பில் தடித்த மூங்கில் வளையத்துடன் இறுக்கிக் கட்டுவார்கள். குறுக்களவு பொதுவாக 7 முதல் 8 அடி வரை இருக்கும். முற்காலத்தில் வெளிப்புறம் மாட்டுத்தோல் போர்த்தப்பட்டது. இப்போது கெட்டியான பிளாஸ்டிக் விரிப்புகளைப் போர்த்தி, நீர் புகாதபடி தார் பூசுகிறார்கள்.

இத்தகைய வட்டப் படகு உலகின் பல பகுதிகளில் வழக்கிலிருந்தது. இராக்கின் டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளில் ஓடிய 'குஃபா', வேல்ஸ் நாட்டின் 'கோரக்கிள்' ஆகியவை பரிசலின் உறவினங்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், யூப்ரடீஸ் ஆற்றில் சென்ற தோல் போர்த்திய வட்டப் படகுகளைப் பற்றி எழுதியுள்ளார். 1520களில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியப் பயணி டொமிங்கோ பயஸ், அங்கு மக்கள் கூடை போன்ற வட்டப் படகுகளில் ஆற்றைக் கடந்ததைக் குறித்துவைத்துள்ளார். ஹம்பியில் துங்கபத்திரை ஆற்றில் இன்றும் பரிசல்கள் ஓடுகின்றன.

பரிசல் ஏன் பாறை ஆற்றுக்கு ஏற்றது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 7 அடிக் குறுக்களவுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 3.6 சதுர மீட்டர். பரிசல், ஓட்டி, பயணிகள் எல்லாம் சேர்ந்து 500 கிலோ எடை என்று கொள்வோம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் தத்துவம். 500 கிலோ எடைக்கு 500 லிட்டர் நீர் விலக வேண்டும். அடிப்பகுதி முழுவதும் தட்டை என்று கொண்டால், பரிசல் நீருக்குள் சுமார் 14 சென்டிமீட்டர்தான் அமிழும். அடிப்பகுதியின் வளைவால் உண்மையில் சற்றுக் கூடுதலாக அமிழலாம். ஆயினும் ஒரு முழ ஆழமுள்ள நீரிலேயே பரிசல் பாறைமேல் தட்டாமல் போய்விடும். தட்டினாலும் மூங்கில் வளைந்து கொடுக்குமே தவிர எளிதில் உடையாது.

பரிசல் ஓட்டும் முறை

பரிசலுக்கு முன்புறம், பின்புறம் என்று இல்லை. அடிக்கட்டையும் சுக்கானும் இல்லை. எனவே துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டால் அது முன்னேறாமல் தன்னைத்தானே சுற்றும். பரிசல் ஓட்டி போக வேண்டிய திசையை நோக்கி விளிம்போரம் அமர்ந்து, ஒற்றைத் துடுப்பை முன்னே நீட்டி, நீரைத் தன் பக்கமாக இழுக்கிறார். இழுக்கும்போதே துடுப்பை இடமும் வலமும் மாற்றிச் சுழற்சியைச் சமன் செய்கிறார். நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் வேகத்தை எதிர்க்காமல், பரிசலை அதன் போக்கில் விட்டுத் திசையை மட்டும் திருத்துவார். நீர் அமைதியாக உள்ள இடத்தில் பயணிகளின் மகிழ்ச்சிக்காக வேண்டுமென்றே பம்பரம்போல் சுற்றிக் காட்டுவதும் உண்டு.

நீரின் மேற்பரப்பைப் பார்த்தே அடியில் பாறை எங்கே உள்ளது, சுழல் எங்கே உள்ளது என்பதை ஓட்டி அறிகிறார். நீர்வரத்து மாறும்போது சுழலின் இடமும் மாறும். நேற்றுப் போன வழி இன்று ஆகாது. இந்த அறிவு ஆற்றிலேயே தந்தையிடமிருந்து மகனுக்கும், மூத்தவரிடமிருந்து இளையவருக்கும் வருகிறது.

நீரோட்டத்தை எதிர்த்துப் பரிசலைச் செலுத்துவது கடினம். ஆகவே வேகமான ஓட்டமுள்ள இடங்களில் ஓட்டி பரிசலைக் கவிழ்த்துத் தலையிலும் முதுகிலும் சுமந்துகொண்டு பாறைகளின்மீது நடந்து செல்வார். தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரிய ஆமை ஒன்று எழுந்து நடப்பதுபோல் தோன்றும். பயணிகள் பார்க்கும் பயணத்தைவிட அவர்கள் பார்க்காத இந்தச் சுமைதான் ஓட்டியின் உழைப்பில் பெரும்பகுதி.

ஒரு நாள் பயணம்

காலையில் வந்து சேர்வோர் முதலில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அருவியில் குளிப்பது வழக்கம். ஆற்றங்கரையிலேயே மசாஜ் தொழிலாளர்கள் இருப்பார்கள். தொங்கு பாலத்திலிருந்தும் பார்வைக் கோபுரத்திலிருந்தும் அருவிகளின் முழுத் தோற்றத்தைக் காணலாம்.

பரிசல் துறையில் கட்டணச் சீட்டு பெற்று, உயிர்காப்பு உடை அணிந்த பின்னரே பரிசலில் ஏற வேண்டும். கோத்திக்கல், பெரியபாணி, ஐந்தருவி, மணல்திட்டு ஆகியவை பயணத்தில் காணும் இடங்களாகும். எந்தத் துறையிலிருந்து புறப்படுவது, எதுவரை செல்வது என்பது அன்றைய நீரின் அளவைப் பொறுத்தது. பாறைச் சுவர்களுக்கு நடுவே பரிசல் செல்லும்போது வெளியுலக ஓசை அடங்கி, நீரின் ஓசை மட்டும் கேட்கும். அருவியை நெருங்கும்போது சாரல் முகத்தில் அடிக்கும். மணல்திட்டில் இறங்கிச் சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்பலாம். தேநீர், நொறுக்குத்தீனி விற்கும் கடைப் பரிசல்கள் நடு ஆற்றிலேயே அருகில் வருவதும் உண்டு.

மணிரத்னம் இயக்கிய 'ரோஜா' (1992) திரைப்படத்தின் பாடல் காட்சி உட்படப் பல படங்களின் காட்சிகள் இங்கு எடுக்கப்பட்டுள்ளன. ஆடிப்பெருக்கு நாளில் சுற்றுவட்டார மக்கள் காவிரியில் நீராடி வழிபட வருவதால் கூட்டம் மிகுதியாக இருக்கும். ஆனால் ஆடி மாதம் வெள்ளம் வரும் மாதமும் ஆகும். ஆகவே விழாவின்போதே பரிசல் நிறுத்தப்பட்டிருக்கும் ஆண்டுகளும் உண்டு.

மீனும் சமையலும்

ஆற்று மீனைச் சாப்பிடாமல் ஒகேனக்கல் பயணம் நிறைவடையாது என்பது பலரின் எண்ணம். கரையோரக் கடைகளில் மீனை மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பார்கள். மீனை வாங்கிக் கொடுத்தால் குழம்பு வைத்து, வறுத்து, சோறும் ஆக்கித் தரும் சமையல்காரப் பெண்கள் இங்கு உள்ளனர். காலையில் மீனையும் பொருள்களையும் ஒப்படைத்துவிட்டுப் பரிசலில் போய்த் திரும்பினால் சாப்பாடு ஆயத்தமாக இருக்கும். பரிசல் ஓட்டி, மீனவர், மசாஜ் தொழிலாளி, சமையல்காரர் ஆகிய நால்வரின் வருமானமும் இவ்வாறு ஒரே பயணியோடு பிணைந்துள்ளது.

கடைகளில் காணப்படும் ரோகு, கட்லா ஆகியவை வட இந்திய ஆறுகளிலிருந்து கொண்டுவந்து வளர்க்கப்பட்ட இனங்கள். காவிரிக்கே உரிய திமில் மகசீர் என்னும் பெரிய மீன் இப்போது மிகவும் அரிதாகிவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018ஆம் ஆண்டு இதை மிகவும் அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தது. முதலைகளும் நீர்நாய்களும் இந்த ஆற்றுப் பகுதியில் வாழ்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காப்புக்காடுகளை உள்ளடக்கிய காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

கனஅடிக் கணக்கு

ஒகேனக்கல் பற்றிய செய்திகளில் 'நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி' என்ற தொடர் தவறாமல் இடம்பெறும். ஒரு கனஅடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர். வினாடிக்கு 10,000 கனஅடி என்றால் ஒவ்வொரு வினாடியும் 2.83 லட்சம் லிட்டர் நீர் ஓடுகிறது என்று பொருள். ஒரு லட்சம் கனஅடி என்றால் வினாடிக்கு 28.3 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளளவுள்ள தண்ணீர் லாரிகளில் நிரப்பினால் ஒரே வினாடியில் 235 லாரிகள் நிரம்பும்.

ஒகேனக்கல்லுக்கு மேற்புறம், ஆறு தமிழ்நாட்டு எல்லையைத் தொடும் பகுதியில் பிலிகுண்டுலு என்னும் இடம் உள்ளது. இங்கு மத்திய நீர் ஆணையத்தின் நீரளவை நிலையம் இயங்குகிறது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய நீர் இந்த இடத்தில்தான் கணக்கிடப்படுகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இதை ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என நிர்ணயித்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று 177.25 டி.எம்.சி. எனக் குறைத்தது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கனஅடி. வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுவதும் நீர் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும்.

பயணிகள் பலருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. தருமபுரியில் வானம் வெளுத்திருக்கும் நாளிலும் ஒகேனக்கல்லில் வெள்ளம் வரலாம். தென்மேற்குப் பருவமழை குடகிலும் கேரளத்தின் வயநாட்டிலும் பெய்யும்போது கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்புகின்றன. அங்கிருந்து திறக்கப்படும் உபரிநீர்தான் இங்கு வெள்ளமாக வருகிறது. மழை பொய்த்து அணைகளில் நீர் குறைந்தால் இங்கு பாறைகள் மட்டுமே மிஞ்சும். 2024ஆம் ஆண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவ்வாண்டுக் கோடையில் நீர்வரத்து சில நூறு கனஅடியாகச் சுருங்கி, அருவிகள் வறண்டு காணப்பட்டன. அதே ஆண்டு ஜூலை இறுதியில் நீர்வரத்து ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டி, அருவிகளே தெரியாதபடி வெள்ளம் மூடியது. கோடையில் ஓட்ட நீரில்லை. ஆடியில் ஓட்ட அனுமதியில்லை.

வெள்ளம் அதிகரிக்கும்போது குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. தடை சில நாள்களிலும் முடியலாம். பல வாரங்களும் நீளலாம். பரிசல் ஓட்டிகளுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பரிசல் ஓடினால்தான் வருமானம். ஆகவே தடைக் காலம் அவர்கள் குடும்பங்களுக்கு நெருக்கடியான காலம். மசாஜ் தொழிலாளர்கள், சமையல்காரப் பெண்கள், கடைக்காரர்கள் ஆகியோரும் அப்போது பாதிக்கப்படுகின்றனர்.

பிற நாட்டு ஆற்றுப் பயணங்களுடன் ஒப்பீடு

ஐரோப்பாவில் ஆற்றுப் பயணமும் கரையோர விளைபொருளைச் சுவைத்தலும் சேர்ந்த சுற்றுலா பெரிய தொழிலாக வளர்ந்துள்ளது. ஜெர்மனியின் ரைன், மோசல் ஆறுகளிலும் போர்ச்சுகலின் டோரோ ஆற்றிலும் செல்லும் கப்பல்கள் கரையோர ஊர்களில் நிற்கும். பயணிகள் இறங்கித் திராட்சைத் தோட்டங்களையும் ஒயின் தயாரிக்கும் ஆலைகளையும் பகல் முழுவதும் சுற்றிப் பார்த்து, ஒயினைச் சுவைத்துவிட்டு மாலையில் கப்பலுக்குத் திரும்புவார்கள். ஒகேனக்கல்லில் அந்த ஒயினின் இடத்தில் ஆற்று மீன் இருக்கிறது எனலாம்.

டோரோ ஆறு ஒருகாலத்தில் ஒகேனக்கல்லைப் போலவே பாறைகளும் சுழல்களும் நிறைந்தது. போர்ட் ஒயின் பீப்பாய்களை 'ரபேலோ' எனப்படும் தட்டையான அடிப்பகுதி கொண்ட படகுகளில் ஏற்றிக் கடலோர நகருக்குக் கொண்டுவந்தார்கள். படகு கவிழ்ந்து பலர் இறந்தனர். ஒயின் வணிகரும் அந்த ஆற்றுக்கு வரைபடம் தயாரித்தவருமான ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் 1861இல் அதே ஆற்றில் மூழ்கி இறந்தார். பின்னர் ரயில் பாதையும் சாலையும் வந்து படகுத் தொழிலைக் குறைத்தன. 1970களிலும் 1980களிலும் கப்பல் கடக்கும் வாயில்களுடன் 5 அணைகள் கட்டப்பட்டு ஆறு அமைதியானது. பெரிய சுற்றுலாக் கப்பல்கள் வந்தன. ரபேலோ படகுகள் காட்சிப் பொருளாயின.

அணை கட்டிய ஆறுகளிலும் நீரளவின் ஆட்சி முழுவதும் நீங்கிவிடவில்லை. ரைன் ஆற்றில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த கவுப் என்னும் சிற்றூரில் ஒரு நீர்மட்ட அளவுகோல் உள்ளது. அதன் அளவைப் பார்த்தே கப்பல்கள் சுமையை முடிவு செய்கின்றன. 2018, 2022 ஆண்டுகளின் வறட்சியில் நீர்மட்டம் மிகவும் குறைந்து கப்பல் போக்குவரத்து தடைப்பட்டது. இத்தகைய நேரங்களில் சுற்றுலா நிறுவனங்கள் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, தோட்டங்களுக்கு அழைத்துச் செல்கின்றன. பிலிகுண்டுலுவும் கவுப்பும் செய்யும் வேலை ஒன்றுதான். வேறுபாடு என்னவென்றால், கப்பல் நிறுவனத்துக்குப் பேருந்து என்ற மாற்று வழி உண்டு. பரிசல் ஓட்டிக்கு ஆற்றைத் தவிர வேறு வழி இல்லை.

பாதுகாப்பு

ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்தும், தடை செய்யப்பட்ட இடங்களில் குளித்தும் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. பரிசல் இயல்பில் நிலையானது. எல்லோரும் அடியில் அமர்ந்து, எடை சுற்றிலும் சமமாகப் பரவியிருக்கும்வரை அது கவிழாது. ஒருவர் எழுந்து நின்றால் எடையின் மையம் உயர்கிறது. படம் எடுப்பதற்காக அனைவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் விளிம்பு நீரைத் தொட்டு, நீர் உள்ளே புகுகிறது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் விளிம்புக்கும் நீருக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. பரிசல் பயணத்துக்கான விதிகள் மூன்றும் இதிலிருந்தே வருகின்றன: உயிர்காப்பு உடை அணிதல், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஏறாதிருத்தல், நடுவே எழாதிருத்தல்.

இரண்டு பரிசல்களில் ஏற வேண்டிய குடும்பம் செலவைக் குறைக்க ஒன்றிலேயே ஏற முயல்வதும், குழந்தைக்கு உடை வேண்டாம் என்பதும் பயணிகள் செய்யும் தவறுகள். ஓட்டி மறுத்தால் வருமானம் போய்விடும் என்ற நிலையில் அவரை வற்புறுத்துவது முறையன்று. மது அருந்தியவர் பரிசலிலோ ஆற்றிலோ இறங்குவது உயிருக்கே ஆபத்தாகும்.

ஆறும் குடிநீரும்

பரிசல் ஓடும் இந்த நீர் இரண்டு மாவட்டங்களின் குடிநீரும் ஆகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அளவு மிகுதி. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேற்பட்ட நீரைத் தொடர்ந்து குடிப்பவர்களுக்குப் பற்களில் கறை படியும். நாளடைவில் எலும்புகளும் மூட்டுகளும் பாதிக்கப்படும். இதற்குத் தீர்வாக ஜப்பான் நாட்டு நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவானது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 மே மாதம் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆகவே ஆற்றில் விடப்படும் சோப்பு நுரையும், எறியப்படும் பிளாஸ்டிக் பையும், உடைந்த பாட்டிலும் சுற்றுலாத் தலத்தின் அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. வெறுங்காலுடன் பரிசலைச் சுமந்து பாறையில் நடக்கும் தொழிலாளியின் காலை அந்தக் கண்ணாடித் துண்டு கிழிக்கிறது.

பயணிகளுக்கான குறிப்புகள்

வெள்ளம் வடிந்தபின், ஏறத்தாழ அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான காலம் பொதுவாகப் பரிசல் பயணத்துக்கு ஏற்றது. புறப்படுமுன் அன்றைய நீர்வரத்தையும், தடை உள்ளதா என்பதையும் செய்திகளில் அறிந்துகொள்வது நல்லது. சீட்டில் குறிப்பிட்ட கட்டணத்தை அறிந்து செலுத்த வேண்டும். தடை நாளில் வந்து சேர்ந்தவர்கள் பரிசலுக்கு வற்புறுத்தாமல், தொங்கு பாலம், முதலைகள் மறுவாழ்வு மையம் முதலியவற்றுள் அன்று திறந்திருப்பவற்றைப் பார்த்து, கரையோரக் கடையில் மீன் சாப்பிட்டுத் திரும்பலாம். ஆற்றில் இறங்க முடியாத அந்த நாளில், கரையில் செலவிடும் தொகை அங்குள்ள ஒரு குடும்பத்துக்காவது அன்றைய உணவாக அமையும்.